மாடியில் நாட்டுத் தக்காளி: விதை வாங்குவதிலிருந்து விதை எடுத்து வைப்பது வரை

ரசத்துக்குக் கையால் பிசைந்தாலே கரைந்துபோகிற, தோல் மெலிந்த, புளிப்பும் வாசனையும் உள்ள பழைய தக்காளி வேண்டும் என்று மாடியில் செடி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஆறு பைகளோடு தொடங்கி நான் அலைந்து கற்றுக்கொண்டதுதான் இதில் பெரும்பகுதி. மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தக்காளியின் ருசி விதையிலும் வெயிலிலும் தண்ணீரிலும் பறிக்கும் நேரத்திலும்தான் இருக்கிறது. உரத்துக்கு இதில் கடைசி இடம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதல் செலவு செய்வது உரத்துக்கு. காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

1. இடமும் அனுமதியும்

ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழல், பக்கத்துக் கட்டட நிழல் எல்லாம் எப்போது எங்கே விழுகிறது என்று டிசம்பர் மாதத்தில் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதம் அது. மே மாதத்தில் வெயில் அடித்த மூலை அப்போது நிழலில் கிடக்கும். நிழலான இடத்திலும் செடி வளரும், காய்க்கும். ஆனால் பழம் சப்பென்று இருக்கும். இலை வெயிலில் செய்கிற சர்க்கரைதானே பழத்துக்குப் போகிறது!

எடைக்கணக்கும் முக்கியம். 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள ஒரு பையை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30, 40 கிலோ வரும். வெறும் செம்மண்ணால் நிரப்பினால் இதைப்போல இரண்டு மடங்கு. பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ போகும் கோட்டில், ஓரமாக வரிசையாக வையுங்கள். தரையோடு ஒட்டாமல் அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் ஓதம் இறங்காது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கச் செயலாளர் வாய்மொழியாகத் தலையாட்டியது போதாது. அடுத்த வருடம் நிர்வாகிகள் மாறினால் பைகளை எடுக்கச் சொல்வார்கள், அதுவும் காய் பிடிக்கிற நேரத்தில். எத்தனை பை, எந்த மூலை, எந்தக் குழாயில் தண்ணீர், கசிவு வந்தால் யார் பொறுப்பு என்று நான்கு வரியில் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் இதையே வாட்ஸ்அப்பில் எழுதிச் சம்மதம் வாங்கினாலும் போதும்.

2. மானியத் தளை

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை என்று ஒரு தொகுப்பை மானிய விலையில் தருகிறது. பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய், கையேடு இவை உள்ளே இருக்கும். 900 ரூபாய் மதிப்புள்ள தளை 2021இல் 225 ரூபாய்க்குக் கிடைத்தது. பிறகு 450 ரூபாய் ஆனது. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடும் விலையும் மாறுகின்றன.

துறையின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். இல்லையென்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதாரோடு இணைத்த கைபேசி இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பதிவு செய்த உடனே தளை கையில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இருப்பு வந்தபிறகுதான் அழைப்பார்கள். அதனால் நவம்பரில் விதைக்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

பைகளுக்கும் நார்க்கட்டிக்கும் இது நல்ல வழி. ருசிக்காக நடுகிற தக்காளி விதைக்கு மட்டும் தளையை நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பொட்டலத்தில் ரகப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

3. எந்த மாதம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். சென்னை மாடியில் தக்காளியை ஆடியில் விதைத்தால் ஆவணியில் நட்டு, ஐப்பசி மழையில் பழம் நனைந்து வெடிக்கும். இலைப்புள்ளி, அழுகல் எல்லாம் வரிசையாக வரும். பழம் தப்பிப் பிழைத்தாலும் தண்ணீர்தான் இருக்கும் உள்ளே.

தக்காளிக்கு இரவு குளிர்ச்சி தேவை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும். பழுக்கும்போதும் வெயில் மிஞ்சினால் சிவப்பு நிறம் முழுதாக ஏறாமல் மஞ்சளாகவே நின்றுவிடும். ஆக, பூ பூக்கிற மாதம் தையாக இருக்கும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.

சென்னை, கடலூர், டெல்டா மாவட்டங்களில் ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் முதல் பாதியில், மழை படாத இடத்தில் விதை போடுங்கள். கார்த்திகைக் கடைசியில் நடவு. மாசி, பங்குனியில் பழம். கோவை, திருப்பூர், உடுமலைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் வெயில் தணிவதால் ஜூன் விதைப்பும் நன்றாக வரும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலையே பெரிதாக இல்லை.

விதைத்து 25 நாளில் நாற்று. நட்டு 65, 70 நாளில் முதல் பழம். ஆக மொத்தம் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சென்னையில் ஜனவரி பிறந்தபிறகு விதை போட ஆசைப்பட்டால் அடக்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டிப்போகும்.

4. விதை: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

நாட்டுத் தக்காளி என்று எழுதி ஒட்டிய பொட்டலத்தில் எதுவும் இருக்கலாம். எனக்கு ஒரு விற்பனையாளர் கொடுத்தனுப்பிய ‘மரபு நாட்டு விதை’ முளைத்து வளர்ந்து, முட்டை வடிவத்தில் கல்லுப்போல, லாரியில் அடுக்க வசதியான பழங்களைக் கொடுத்தது. கேட்டதற்கு, மண்ணைப் பொறுத்து மாறும் என்று பதில் வந்தது. பழத்தின் வடிவம் மண்ணால் அப்படியெல்லாம் மாறாது.

விதை வாங்க மூன்று வழி உண்டு.

முதல் வழி, விதைத் திருவிழாக்களும் மரபு விதை சேகரிப்பவர்களும். வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர் விதை? எந்த ஆண்டு எடுத்தது? பழம் எப்படி இருக்கும், எத்தனை பள்ளம் விழும்? செடி குட்டையா, உயர்ந்து படருமா? தானே வளர்த்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். சொல்லத் தெரியாதவர் வாங்கி விற்கிறார் என்று பொருள். அவரிடம் வெண்டையும் கீரையும் வாங்கலாம், தக்காளி வேண்டாம்.

இரண்டாவது, அரசு நிறுவனங்களின் பழைய ரகங்கள். தாத்தா காலத்து விதை என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் விதை எடுத்து மறுபடி விதைத்தால் அதே செடி வரும். ருசியும் பழைய பக்கம்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, தேனி மாவட்டத்து அன்னஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து உருவானது. தட்டையான உருண்டைப் பழம், காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சைத் தோள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா விகாஸ், டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ரூபி ஆகியவையும் இந்த வகை. பூசா ரூபி நல்ல புளிப்பு, ரசத்துக்கு ஏற்றது.

அந்தப் பச்சைத் தோள் ருசிக்கு ஓர் அடையாளம். பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வணிக ரகங்களில் அதை நீக்கினார்கள். தோளைக் கரும்பச்சையாக்கும் மரபணுதான் காயிலேயே கொஞ்சம் சர்க்கரை செய்யவும் உதவியது என்பது 2012இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தோள் பச்சையாக இருந்தால் ருசி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘நாட்டு’ என்று விற்கப்பட்ட செடியின் காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கோ 3’ என்பது விதை எடுக்கக்கூடிய ரகம். அதே பல்கலைக்கழகத்தின் ‘தக்காளி வீரிய ஒட்டு கோ 3’ என்பது ஹைபிரிட், அதாவது இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கியது; அதன் விதையில் அதே செடி வராது. கடைக்காரரிடம் ‘கோ 3’ என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. அர்க்கா விகாஸுக்கும் அர்க்கா ரக்ஷக்குக்கும் இதே வித்தியாசம்; ரக்ஷக் ஹைபிரிட்.

மூன்றாவது வழி, சந்தையில் நல்ல ருசியான பழம் கிடைத்தால் அதிலிருந்து விதை எடுப்பது. செலவு இல்லை. ஆனால் தட்டையாகப் புளிப்பாக இருக்கும் ஹைபிரிட்களும் சந்தையில் உண்டு. ஹைபிரிட் பழத்து விதையில் ஒவ்வொரு செடியும் ஒரு விதமாக வரும். நான்கு பை உபரியாக இருந்தால் விளையாடிப் பாருங்கள், முதல் வருடம் வேண்டாம்.

பொட்டல அட்டையைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ‘எஃப் 1’, ‘ஹைபிரிட்’, ‘வீரிய ஒட்டு’ இதில் எது இருந்தாலும் அது ஹைபிரிட். ‘ஓபி’ (ஒட்டுச் சேர்க்காமல் இயல்பாக மகரந்தம் சேர்ந்தது) என்றோ ‘ரகம்’ என்றோ இருந்தால் விதை எடுக்கலாம். சான்று விதைக்கு நீல அட்டை, உற்பத்தியாளரே உறுதி கூறும் விதைக்குப் பச்சை அட்டை. முளைப்புத் திறன் தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். ரோஸ், பச்சை என்று சாயம் பூசிய விதை பூசணக்கொல்லி தடவியது. கையுறை போட்டு எடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் என்று வெளிநாட்டு மரபு ரகங்களின் படம் பார்த்து மயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்பவரிடம் வாங்குவது சட்டப்படியும் தவறு, விதை வழியே நோயும் வரும். அப்படியே உள்நாட்டில் கிடைத்தாலும் அந்தப் பெரிய பழ ரகங்கள் நம் இரவு வெப்பத்தில் காய் பிடிக்கத் திணறும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் முயலலாம்.

5. செலவுக் கணக்கு

ஆறு பைக்கு நான் போடும் கணக்கு இது. ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறி இறங்கும்.

15 அங்குலப் பை ஆறு, 420 ரூபாய். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி இரண்டு, 400. மண்புழு உரம் 40 கிலோ, 600. செம்மண் ஒரு பெரிய மூட்டை, 200. வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, 50. சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நல்ல பாக்டீரியா), டிரைக்கோடெர்மா இரண்டும் சேர்த்து 200. மூங்கில் கொம்பு 200, நாற்றுக்கு வலை 200, மஞ்சள் ஒட்டும் அட்டை 100, விதை 50. மொத்தம் 2,420 ரூபாய். பையும் வலையும் கொம்பும் இரண்டு, மூன்று வருடம் வரும்.

ஒரு செடியில் ஒன்றரை, இரண்டு கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். கிலோ இருபது ரூபாய்க்கு விற்கும் மாதத்தில்தான் உங்கள் செடியும் காய்க்கும். ஆக, காசு மிச்சமாகும் என்ற எண்ணத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

பை வாங்கும்போது 12 அங்குலப் பையை மலிவு என்று எடுக்காதீர்கள். அதில் 20 லிட்டருக்குச் சற்று மேல்தான் கொள்ளும். மாசி வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்வதும் நனைவதுமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

6. கலவை

நார்க்கழிவு நான்கு பங்கு, செம்மண் மூன்று பங்கு, மண்புழு உரம் மூன்று பங்கு. பைக்கு ஒன்றரைக் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். கலந்த பிறகு டிரைக்கோடெர்மாவைத் தூவி, லேசாக ஈரம் காட்டி, நிழலில் பத்து நாள் மூடி வையுங்கள். புண்ணாக்கு மட்கும்போது சூடு வரும், அந்தச் சூட்டில் நாற்றை வைத்தால் வேர் வெந்துவிடும். அதனால் விதை போட்ட வாரத்திலேயே கலவையும் தயார் செய்துவிட்டால் நேரம் சரியாக இருக்கும்.

பச்சைச் சாணத்தை யார் சொன்னாலும் போடாதீர்கள்.

7. நாற்றும் நடவும்

நாற்றுத் தட்டில் குழிக்கு ஒரு விதை, கால் அங்குல ஆழம். ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். ஆறு செடி வேண்டுமென்றால் பன்னிரண்டு விதை போடுங்கள், பொட்டலம் முழுவதையும் கொட்ட வேண்டாம். ஒரு கிராமில் முந்நூறு விதை வரை இருக்கும், சரியாக வைத்தால் நான்கு வருடம் முளைக்கும்.

முளைத்த நாளிலிருந்து நடும்வரை வெள்ளை ஈ நுழைய முடியாத நெருக்கமான வலை போட்டு மூடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் இலைச் சுருட்டு நோய் என்று புலம்புகிறார்கள். வெள்ளை ஈ நாற்றுப் பருவத்திலேயே அந்த வைரஸைக் கொண்டுவந்து விட்டுவிடும்; அப்புறம் மருந்து கிடையாது.

25 நாளில், மாலையில் நடுங்கள். தண்டின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போகலாம், அங்கிருந்தும் வேர் விடும். ஒரு பைக்கு ஒரே செடி. கொம்பை அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பக்கக் கிளைகளை மட்டும் கிள்ளினால் போதும். காய்க்கு வெயில் படட்டும் என்று இலையை மொட்டையடிப்பது பெரிய தவறு. இலை போனால் இனிப்பும் போய்விடும், காயும் வெயிலில் வெந்து வெளுக்கும்.

8. தண்ணீரும் உரமும்

செடி சிறியதாக இருக்கும்போது அரை லிட்டர் போதும். காய் பிடித்தபிறகு, வெயிலைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், காலையில் ஒரே முறை, தூரில். இலை நனைய வேண்டாம். இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவது வெயிலின் வேலை, பயந்து ஊற்றாதீர்கள். காலை ஏழு மணிக்குத் தொங்கினால்தான் தாகம்.

முதல் கொத்தில் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். பழம் கொஞ்சம் சிறுக்கும். புளிப்பும் இனிப்பும் அதற்குள் கெட்டிப்படும். நான் பார்த்தவரை, உரம் செய்வதாகச் சொல்லப்படும் எல்லா அதிசயத்தையும் விட இது பெரிய வித்தியாசம் தருகிறது. ஆனால் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காய்வதும் நனைவதும் மாறி மாறி வந்தால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். செடிக்குள் சுண்ணாம்புச் சத்து ஓடாததால் வருவது அது. முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடச் சொல்வார்கள். அது மட்க மாதங்கள் ஆகும். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து தானாகச் சரியாகும். தூரைச் சுற்றி இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்புவது இதற்கு நல்ல உதவி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் தக்காளி தாங்கும். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாமல், பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

உரமா? நட்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். பூத்தபிறகு அதோடு ஒரு ஸ்பூன் விறகுச் சாம்பல். மீன் அமிலம், யூரியா போன்ற தழைச்சத்துச் சரக்கு பூத்தபிறகு கூடாது. செடி காடாக வளரும், பழம் தண்ணீராக இருக்கும். பஞ்சகவ்யா தெளிக்க ஆசையிருந்தால் லிட்டருக்கு 30 மில்லி, மாதம் இருமுறை; கெடுதல் இல்லை.

9. பூ நின்றால், இலை சுருண்டால்

தக்காளிப் பூ தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும், அசைவு மட்டும் வேண்டும். காற்று அடைபட்ட மாடியாக இருந்தால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

நுனி இலை சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாக நின்றால் அது வைரஸ். பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். காப்பாற்றப் பார்த்தால் மற்ற ஐந்தும் போகும். வெறும் கீழ் இலை மட்டும் வெயிலில் சுருண்டு, நுனி பச்சையாக இருந்தால் பயமில்லை. செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெள்ளை நூல்போல் கசிந்தால் பாக்டீரியா வாடல். செடியோடு அந்தப் பை மண்ணையும் கழித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையும், லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்த மாலைத் தெளிப்பும். காய்ப்புழுவைக் கையால் பொறுக்கலாம். ஓரத்தில் இரண்டு செண்டுமல்லி வைத்தால் தாய்ப்பூச்சி அங்கே முட்டையிடும். இலைப்புள்ளிக்குக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம்.

10. பறிப்பதும் வைப்பதும்

செடியிலேயே செக்கச் சிவக்க விட்டால்தான் ருசி என்ற நம்பிக்கையில் அணிலுக்கும் கிளிக்கும் சோறு போட வேண்டாம். அடியில் இளஞ்சிவப்பு லேசாக ஏறிவிட்டால் பழம் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். பறித்து, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒற்றை அடுக்காக வைத்தால் மூன்று, நான்கு நாளில் பழுக்கும்; ருசியில் பெரிதாகக் குறைவில்லை. முழுப் பச்சையாகப் பறித்தால் அந்தக் கதை வேறு, சிவக்கும் ஆனால் மணக்காது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் வாசனையைச் செய்யும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன, வெளியே எடுத்தபிறகும் முழுதாக மீள்வதில்லை. 2016இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நாட்டுப் பழம் தோல் மெலிந்தது, பழுத்து மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மிஞ்சினால் தொக்காகக் கிளறிவிடுங்கள்.

சமைக்கும்போது விதையைச் சுற்றியுள்ள குழகுழப்பைக் கழிக்க வேண்டாம். புளிப்பும், நாவில் நிற்கிற அந்த ருசியும் அங்கேதான் அதிகம். நாட்டுப் பழத்தில் பள்ளங்கள் அதிகம், உள்ளே அறைகளும் அதிகம், அதனால் அந்தச் சாறும் அதிகம்.

11. விதை எடுப்பது

நல்ல செடிகள் மூன்று, நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பழம் பெரியதாக இருக்கிறது என்று அதை எடுக்காமல், செடி முழுக்க நோயில்லாமல் நன்றாகக் காய்த்ததா என்று பாருங்கள். பக்கத்தில் வேறு தக்காளி ரகமும் இருந்தால், இரண்டாவது, மூன்றாவது பூங்கொத்து மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப் பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் கொத்தில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது ரசத்துக்குப் போய்விடும்.

விதைப்பழம் செடியிலேயே முழுதாகப் பழுக்க வேண்டும். வெட்டி, விதையையும் சாற்றையும் ஒரு டம்ளரில் பிதுக்கி, மூடாமல் துணி கட்டி வையுங்கள். நம் வெப்பத்தில் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மேலே நுரை கட்டி நாறும், அதுதான் சரி. விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரைந்து போயிருக்கும். அதற்கு மேல் விட்டால் டம்ளருக்குள்ளேயே முளைத்துவிடும். நாலைந்து முறை அலசி, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதை மட்டும் எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்த்தெடுக்கப் பாடுபட வேண்டும்.

காகித உறையில் போட்டு ரகம், ஊர், மாதம், ஆண்டு எழுதி, உறையை மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்றேன். நன்றாகக் காய்ந்த விதைக்கு அதுதான் சரியான இடம்.

12. சித்திரையில் பையை என்ன செய்வது

பங்குனிக் கடைசியில் பூ உதிரத் தொடங்கும்போது செடியை வேரோடு எடுத்துவிடுங்கள், இழுத்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, நனைத்து, கண்ணாடித்தாள் போர்த்தி மே மாத வெயிலில் மூன்று, நான்கு வாரம் வேகவிடுங்கள். முடிச்சு இல்லையென்றால் இரண்டு பிடி மண்புழு உரம் சேர்த்து அரைக்கீரையோ கொத்தவரையோ போடலாம். கத்தரி, மிளகாய் இரண்டும் தக்காளிக் குடும்பம். அதே பையில் அடுத்ததாக அவை வேண்டாம். அடுத்த கார்த்திகைக்குத் தக்காளியை வேறு பைக்கு மாற்றுங்கள்.